ஒரு மாதத்துக்கு போன் வரக்கூடாது

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே சுப்பராயலு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் தொங்கும் அட்டை என்றெல்லாம் கற்பனை பண்ணிவிடாதீர்கள். முன்னறையில் மூன்று கம்ப்யூட்டர், உள்ளே ஏ.சி. போட்ட சின்ன அறையில் சுப்பராயலு, அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோ. அவ்வளவுதான் கம்பெனி. அந்த பீரோவுக்குள் அமராவதியின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுகளும் டிகிரி சர்டிபிகேட்டும் ஒரு காக்கி உறையில் கிடந்தன. எல்லாம் ஒரிஜினல். வேலையில் சேர்ந்த அன்றைக்கே வாங்கி வைத்துக்கொண்டார்.

"மூணு வருசம் எங்கிட்ட வேல பாக்கணும்மா. நான் கத்துக்குடுத்து நீ பாதியில ஓடிட்டா என் கதி என்ன ஆவறது? அதுக்குத்தான் இது. மூணு வருசம் முடிஞ்ச மறுநாளே கையில குடுத்துடுவேன்."

சிரித்த முகமாகத்தான் சொன்னார். எப்போதுமே சிரித்த முகம்தான் அந்த மனுஷனுக்கு. கத்துகிற முதலாளியாக இருந்தால் நாமும் திருப்பிக் கத்தலாம். சிரிக்கிறவரிடம் என்ன செய்வது, சொல்லுங்கள்!

மூன்று வருஷம் முடிந்து, அதற்கு மேல் ஒரு தீபாவளியும் பொங்கலும் வந்துபோய்விட்டன. உறை பீரோவை விட்டு நகரவில்லை. கேட்கும்போதெல்லாம், "குடுக்காம நான் எங்க ஓடிடப்போறேன்? நம்ம வூட்டுப் பொண்ணு நீ" என்பார். நம்ம வீட்டுப் பெண் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்கிறவள் கெட்டவள் ஆகிவிடுவாள், இல்லையா? அமராவதி வாயை மூடிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

அவள் தாழங்குடாக்காரி. அப்பா சிங்காரம் கட்டுமரத்தில் தொழில் பழகி, ஃபைபர் படகுக்கு வந்தவர். குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததும் சிங்காரத்துக்குத் தலைகால் புரியவில்லை. மீன் ஏலம் போகிற இடத்தில், விலை கேட்க வந்த வியாபாரியிடம்கூட "எம் பொண்ணு கம்ப்யூட்டர் ஆபீசுல இருக்குது" என்று ஆரம்பித்துவிடுவார். பாவம், அந்த வியாபாரிகள்.

கம்பெனிக்கு இருந்தது ஒரே ஒரு சாஃப்ட்வேர். பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது, அவ்வளவுதான் அதன் வேலை. எழுதியவன் சுப்பராயலுவின் மச்சான் தமிழ்வேந்தன். எழுதி, நாலைந்து கடைகளில் போட்டுக்கொடுத்துவிட்டு, சிங்கப்பூருக்குப் பறந்துவிட்டான். சிதம்பரத்தில் காசிநாதனின் மொத்த மருந்துக்கடை, கீரப்பாளையத்தில் உரக்கடை, காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில், திட்டக்குடியில் விதைக்கடை என்று எல்லா இடத்திலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த சாஃப்ட்வேருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தான் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். பில் போட்டேன், பிரிண்டரைக் கூப்பிட்டேன், பிரிண்டர் பதில் சொல்லவில்லை, மறுபடி கூப்பிட்டேன் என்று வரி வரியாகப் புலம்பும். லாக் என்று அதற்குப் பெயர். ஏதாவது கோளாறு வந்தால் திரும்பிப் பார்க்க உதவும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பழசை யாராவது அழிக்க வேண்டுமே! தமிழ்வேந்தன் அதற்கு ஒரு வழியும் செய்யாமல் போய்விட்டான். லாக் வளர்ந்துகொண்டே போகும். கடைக்காரர்கள் வைத்திருந்ததெல்லாம் இடம் பற்றாத பழைய கம்ப்யூட்டர்கள். ஒருநாள் இடம் முழுக்க நிரம்பி, பில் பாதியில் நின்றுவிடும். கல்லாவுக்கு முன்னால் ஆள் நிற்கும்போதுதான் நிற்கும், அதென்ன ராசியோ.

உடனே லாரன்ஸ் ரோட்டில் போன் அடிக்கும். அமராவதி கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று உட்கார்ந்து போய், அந்த ஃபைலை அழித்துவிட்டு, காபி குடித்துவிட்டுத் திரும்புவாள். அழிக்கிற வேலை ஒரு நிமிஷம். போய்வருகிற வேலை ஒரு நாள்.

முதல் வருஷம் இதில் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மறைப்பானேன். அவள் கடைக்குள் நுழைந்ததும் "வந்துட்டாங்கய்யா, வந்துட்டாங்க" என்று வழிவிடுவார்கள். விசையைத் தட்டியதும் பிரிண்டர் கரகரவென்று ஓடும். காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்காரர் அவளைப் பார்த்துக் கும்பிட்டதுகூட உண்டு. இரண்டாம் வருஷம் அலுப்பு வந்தது. மூன்றாம் வருஷம் போன் அடித்தாலே எங்காவது ஓடி ஒளியலாம் போலிருந்தது. அத்தை மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவளை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். காய்ச்சலில் படுத்திருந்தபோது திட்டக்குடிக்குப் போய்வந்தாள். நம்மைவிட்டால் ஆள் இல்லை என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். அது கழுத்தில் விழுந்த கயிறு என்பது தாமதமாகத்தான் அவளுக்கு உறைத்தது.

இதற்கிடையில் யாருக்கும் சொல்லாமல் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தாள். தேறிவிட்டாள். சென்னையில் சர்டிபிகேட் சரிபார்க்க ஏப்ரல் கடைசியில் வரச்சொல்லித் தபால் வந்தது. ஒரிஜினல் இல்லாமல் வருகிறவர்களை உள்ளே விடமாட்டோம் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்த கையோடு ஏ.சி. அறைக்குள் போனாள்.

சுப்பராயலு தபாலை நிதானமாகப் படித்தார். "அட, கெட்டிக்காரி! ஒரு வார்த்த சொல்லலியே" என்று சிரித்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் சாய்த்து பீரோவில் முதுகை வைத்துக்கொண்டார்.

"குடுக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா நீ போயிட்டா பார்ட்டிங்க என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாங்க. ஒண்ணு பண்ணு. ஒரு மாசம். ஒரே ஒரு மாசம், எந்தக் கடையிலேருந்தும் ஒரு போன் வரக்கூடாது. நீ இல்லாமயும் வண்டி ஓடும்னு நான் நம்பணுமில்ல? வரலன்னா உறைய எடுத்துக்கினு நீ பாட்டுக்குப் போ."

"லாக் தானா ரொட்டேட் ஆவற மாதிரி வெச்சிடறேன் சார். அப்பறம் போனே வராது."

"ஓடற வண்டியில கை வெக்காதன்னு சொல்லியிருக்கேன்ல?"

"கை வெக்காம எப்டி சார் போன் நிக்கும்?"

"சரி, வெய்யி. ஏதாச்சும் ஆச்சுன்னா ஒன் தலையிலதான் விடியும், ஆமா."

லாக்கைச் சுழற்றுவது ஒன்றும் மந்திர வித்தை இல்லை. ஊர் உலகத்தில் எல்லோரும் செய்வதுதான். ஒவ்வொரு நாளும் பழைய ஃபைலை மூடி ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டும். ஒரு வாரத்துக்கு உண்டானதை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தியதை அழித்துவிட வேண்டும். அமராவதி மஞ்சக்குப்பம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதைப்பற்றி உள்ளதையெல்லாம் படித்தாள். சாஃப்ட்வேரைத் திறந்தவுடன் அது இன்றைய தேதியைப் பார்க்கும். கடைசியாக எந்தத் தேதியில் சுழற்றினோம் என்று ஒரு சின்னக் குறிப்பைப் பார்க்கும். இன்றைய தேதி அதற்குப் பிந்தியதாக இருந்தால் சுழற்றிவிட்டு, குறிப்பில் இன்றைய தேதியைப் போட்டுக்கொள்ளும். எழுதி முடித்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். அழகாக ஓடியது. இத்தனை சின்ன காரியத்துக்காகவா மூன்று வருஷம் பஸ்ஸில் குலுங்கினோம் என்று நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஒவ்வொரு கடையாகப் போய் அதைப் போட்டுவிட்டு வந்தாள். சிதம்பரத்தில் காசிநாதன் கடையில் பில் போடுகிற தேவசகாயம், "என்னா தங்கச்சி, இன்னும் நிக்கவே இல்லியே, அதுக்குள்ள வந்துட்ட?" என்று கேட்டார். "இனிமே நிக்காதுண்ணே" என்றாள். "அப்ப ஒன்ன எப்டி பாக்கறது?" என்றார். வேடிக்கையாகத்தான் கேட்டார். அவளால் சிரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது காத்திருப்பு. முன்னறையில் இருந்த போன் அடிக்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். எடுத்தால் ராங் நம்பராக இருக்கும், அல்லது சுப்பராயலுவின் மனைவி சாயந்திரம் வரும்போது கத்தரிக்காய் வாங்கிவரச் சொல்வாள். அப்பாடா என்று வைப்பாள். ஒரு வாரம் போனது. இன்னொரு வாரம் போனது. கீரப்பாளையத்திலிருந்து சத்தம் இல்லை. திட்டக்குடியிலிருந்து சத்தம் இல்லை. காட்டுமன்னார்கோயில்காரருக்கு அவளே மெல்ல மொபைலில் கூப்பிட்டுக் கேட்டாள். "தேர் மாதிரி போவுதும்மா" என்றார். தேர் அடிக்கடி நின்று நின்றுதான் போகும் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. அவளுக்குத் தோன்றி, அன்றைக்கு முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

சுப்பராயலு தினமும் காலையில் உள்ளே போகும்போது, "என்னம்மா, போன் உண்டா?" என்பார். "இல்ல சார்" என்பாள். "ம்" என்பார். நாள் ஆக ஆக அந்த "ம்" சுருங்கிக்கொண்டே வந்தது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லாத ஒரு காலையையும் அவள் பார்த்தாள். சந்தோஷப்பட்டாள். படக்கூடாதா என்ன? சென்னைக்கு எந்த வண்டியில் போவது, எந்தப் புடவையைக் கட்டிக்கொள்வது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

மாதம் முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது காசிநாதனின் போன் வந்தது. முன்னறைக்கு வரவில்லை. நேரே சுப்பராயலுவின் செல்லுக்குப் போய்விட்டது. அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். முகத்தில் பழைய சிரிப்பு.

"சிதம்பரத்துல நின்னுபோச்சாம். கடையில கூட்டமாம். கெளம்பு."

எப்படிப் படியிறங்கினாள், எந்த பஸ்ஸில் ஏறினாள் என்று பின்னால் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வழி முழுக்க, தான் எழுதியதை மனசுக்குள் வரி வரியாக ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். எங்கே தப்பு? ஒரு இடத்திலும் தப்பு தென்படவில்லை. வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் "தலவலியா கண்ணு?" என்று தைலம் நீட்டினாள்.

காசிநாதன் கடை தெற்கு வீதியில். சில்லறை மருந்துக்கடைக்காரர்கள் அட்டைப்பெட்டிகளோடு வாசல் வரைக்கும் நின்றார்கள். அமராவதி யாரிடமும் பேசவில்லை. உட்கார்ந்தாள், பார்த்தாள். லாக் ஒரே ஃபைலாக, மாதக் கணக்கை முழுங்கிப் பூதமாகக் கிடந்தது. சுழலவே இல்லை. முதலில் அதை அழித்தாள். பிரிண்டர் உயிர்பெற்றுக் கத்தியது. கூட்டம் நகர ஆரம்பித்தது. பிறகு அந்தச் சின்னக் குறிப்பைத் திறந்தாள். கடைசியாகச் சுழற்றிய தேதி என்று அதில் இருந்தது ஏப்ரல் நாலாம் தேதி. வருஷம் 2019.

நடப்பது 2009. இன்றைய தேதி 2019-க்குப் பிந்தியதாக இருந்தால்தானே அது சுழலும்? இன்னும் பத்து வருஷம் அது பாட்டுக்கு வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"தேதிய மாத்துனது யாரு?" என்று கேட்டாள். குரல் அவளையும் மீறி உயர்ந்துவிட்டது.

தேவசகாயம் காசிநாதனைப் பார்த்தார். காசிநாதன் நெற்றியில் பட்டையோடு கல்லாவில் இருந்தார். லாரியிலிருந்து சரக்கு இறக்குவதற்கும் ராகுகாலம் முடியட்டும் என்று காத்திருக்கிற மனுஷன். அவருக்கு இதில் மறைக்க எதுவும் இருப்பதாகவே தோன்றவில்லை.

"நான்தாம்மா மாத்தச் சொன்னேன். புதுக்கணக்கு ஆரம்பிக்கணும்ல? ஒண்ணாந்தேதி எனக்குச் சந்திராஷ்டமம். அன்னிக்கு மொத பில்லு போட்டா வருசம் உருப்படுமா? நாலாந்தேதி காலையிலதான் நல்ல நேரம். அதுக்காக மூணு நாளு கடைய மூடிவெக்க முடியுமா, நீயே சொல்லு."

"அதனால?"

"அதனால என்னா? கம்ப்யூட்டர்ல நாலாந்தேதின்னு மாத்தி, பிள்ளையாருக்கு ஒரு தேன் பாட்டிலுன்னு மொத பில்லப் போட்டுட்டு, திரும்ப ஒண்ணாந்தேதிக்கே கொண்டாந்துட்டோம். வருசா வருசம் இப்படித்தாம்மா செய்யறது. ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்லியே."

தேவசகாயம் தலையைச் சொறிந்தார். "வருசத்துல வெரலு தவறிடுச்சு தங்கச்சி. ஒம்போதுக்கு முன்னால ஒண்ணு விழுந்துபோச்சு. பில்லுல பத்தொம்பதுன்னு வந்ததப் பாத்து அய்யா கத்துனாரு. ஒடனே அந்த பில்ல அழிச்சுட்டு, சரியா மாத்தி வேற போட்டோம்." அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். முதலாளியின் சந்திராஷ்டமத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொன்னதைச் செய்தார், பாவம்.

அமராவதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் நீரும் வந்தது. பிரவுசிங் சென்டரில் அத்தனை பக்கம் படித்தாளே, எந்தப் புண்ணியவானாவது சந்திராஷ்டமத்தைப் பற்றி எழுதியிருந்தானா? குறிப்பில் இருக்கிற தேதி எதிர்காலத்தில் இருந்தால் அதை நம்பாதே என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். இப்போது சேர்த்தாள். தேவசகாயம் வாங்கிவரச் சொன்ன காபி வருவதற்குள் சேர்த்தும் முடித்துவிட்டாள்.

பிறகு காசிநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வாய்விட்டுச் சொன்னாள். சென்னையில் வேலை, ஒரு மாதக் கெடு, பீரோவில் உறை. "சாருக்கு ஒரு போன் பண்ணி, இது நான் செஞ்ச கோளாறு இல்ல, நீங்க தேதி மாத்துனதாலதான்னு சொல்லுங்கய்யா. நீங்க சொன்னா கேப்பாரு."

காசிநாதன் உருகிவிட்டார். நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. "அடப்பாவமே, இதுக்கா அழுவற? இப்பவே பேசறேன் இரு" என்று அவள் முன்னாலேயே செல்லை எடுத்துப் போட்டார்.

"சுப்பராயலு சாரா? காசிநாதன் பேசறேன். எல்லாம் சரியாயிடுச்சு. தப்பு நம்ம பேர்லதான், தேதிய மாத்திட்டோம். அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. அப்பப்பா, என்னா அறிவு சார்! வந்து குந்துச்சு, டக்குன்னு புடிச்சுடுச்சு. சிங்கப்பூர்லேருந்து ஒங்க மச்சானே எறங்கி வந்தாலும் ஆவாது. நான் சொல்றேன், கேட்டுக்குங்க. இந்தப் பொண்ணு இருக்கற வரைக்கும்தான் நானும் ஒங்க சாஃப்ட்வேர வெச்சிருப்பேன். எக்காரணத்தைக் கொண்டும் அத வெளிய உட்டுறாதீங்க."

செல்லை வைத்துவிட்டு, எப்படி என்பதுபோல அவளைப் பார்த்துப் பூரித்தார். அவரை என்னவென்று திட்டுவது? "ரொம்ப நன்றிங்கய்யா" என்று சொல்லிவிட்டு அமராவதி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

மறுநாள் சுப்பராயலு அவளை உட்காரச்சொல்லி, டீ வரவழைத்தார். "ஒம்மேல தப்பு இல்லம்மா, எனக்குத் தெரியும். ஆனா போன் வந்துச்சா, இல்லியா? நாளைக்கு இன்னொருத்தன் இன்னொண்ணு பண்ணுவான். அப்ப யாரு பாக்கறது? இன்னியிலேருந்து இன்னொரு மாசம் வெச்சுக்குவோம், என்ன சொல்ற?"

"சென்னையில வியாழக்கெழம வரச்சொல்லியிருக்காங்க சார்."

"அது வேற இருக்கா" என்று யோசித்தார். "நீ சின்னப்பொண்ணு, ஒங்கிட்ட என்னத்தப் பேசறது. ஒங்கப்பாவ வரச்சொல்லு. பெரியவங்க பெரியவங்க பேசிக்கறோம்."

சென்னை வேலை, வியாழக்கிழமை, பீரோவில் உறை என்று எல்லாவற்றையும் வீட்டில் சொன்னாள். சிங்காரம் கொதித்துவிட்டார். "என்னாது, மூணு வருசம் முடிஞ்சும் குடுக்க மாட்டேங்கறானா? எம்மா தைரியம்! நான் போறேன். கையில வாங்காம திரும்பினா நான் சிங்காரம் இல்ல." அமராவதிக்கு அந்த வார்த்தையே பாதி வேலை கிடைத்ததுபோல இருந்தது. ஏலத்தில் எடையில் கை வைத்த வியாபாரியை அப்பா நடுமணலில் நிற்கவைத்துக் கேட்டதை அவள் பார்த்திருக்கிறாள். படகுத் தகராறில் ஊர்க்கூட்டத்தில் தனி ஆளாக எழுந்து பேசியவர். சுப்பராயலுவின் சிரிப்பெல்லாம் அப்பாவிடம் பலிக்காது. அன்றைக்கு ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை அப்பா வருகிற நேரம் பார்த்து, சுப்பராயலு அவளைக் காட்டுமன்னார்கோயிலுக்கு அனுப்பிவைத்தார். ரைஸ்மில்லில் பிரிண்டர் சரியில்லையாம். போனாள். பிரிண்டருக்கு ஒன்றுமில்லை, பேப்பர் சிக்கியிருந்தது. திரும்பி வருகிறபோது பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மறுநாள் சாயந்திரம் சென்னைக்குக் கிளம்புவதற்கு வேண்டியதையெல்லாம் மனசுக்குள் எடுத்துவைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. சிங்காரம் வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தார். முகம் மலர்ந்திருந்தது. கையில் ஒரு ஸ்வீட் பெட்டி. அதைப் பார்த்ததும் அமராவதிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிவந்தாள்.

"வாங்கிட்டியாப்பா?"

"குந்தும்மா, சொல்றேன். நான் சண்ட போடற எண்ணத்தோடதான் போனேன். அந்த மனுசன் எழுந்து வந்து வாசல்லயே கையப் புடிச்சு இட்டுக்கினு போனாரும்மா. அந்தக் குளுர் ரூமுக்குள்ள சேர் போட்டு, என்னை அதுல ஒக்கார வெச்சாரு. நான் வேணாம், நிக்கறேன்னேன். உடல. காபி குடுத்தாரு. 'ஒங்க பொண்ணு இல்லாட்டி இந்தக் கம்பெனியே இல்லிங்க அய்யா'ன்னாரு. என்னைப்போயி அய்யான்றாரு! சிதம்பரத்துல யாரோ பெரிய மொதலாளி ஒன்னைப்பத்திச் சொன்னதெல்லாம் சொன்னாரு. இனிமே நீதான் மேனேஜராம்." 

"அப்பா, சர்டிபிகேட்டு?"

"அதையும் எடுத்தாரும்மா. நானா கேக்கவே இல்ல. பீரோவத் தொறந்து, அந்தக் கவரை எடுத்து எங்கையில குடுத்துட்டாரு. 'இந்தாங்க, ஒங்க பொருளு, நீங்களே கொண்டுபோங்க'ன்னாரு."

அமராவதி கையை நீட்டினாள். சிங்காரம் ஸ்வீட் பெட்டியை அதில் வைத்தார்.

"கையில வாங்குனதும் எனக்கு பயமாப்போச்சும்மா. சுனாமித் தண்ணி வந்தப்ப, ஒன் பத்தாங்கிளாசு மார்க் சீட்டு, ரேசன் கார்டு, எல்லாத்தையும் வாரிக்கினு போச்சே. அத திருப்பி வாங்க நானும் நீயும் எத்தினி ஆபீசு ஏறி எறங்குனோம்! நம்மகிட்ட ஒரு டிரங்குப் பொட்டிகூட இல்ல. அவர்கிட்ட இரும்பு பீரோ இருக்குது, மாடியில இருக்குது. தண்ணி அங்க ஏறுமா? 'ஒங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும்யா'ன்னு நானே எங்கையால திருப்பிக் குடுத்துட்டேன். அவரே பூட்டி வெச்சாரு. இன்னிக்குச் சாயந்தரமே குடும்பத்தோட திருப்பதி கெளம்பறாராம். வெள்ளிக்கெழம வந்துடுவாராம்."

சிங்காரம் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பாராட்டுக்காக அவர் காத்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. வந்த சந்தோஷத்தில் வியாழக்கிழமை அவருக்கு மறந்தே போயிருந்தது. அதை ஒரு வார்த்தை நினைவுபடுத்தினால் போதும், அந்த மனுஷர் அங்கேயே இடிந்து உட்கார்ந்துவிடுவார். ஆயுசுக்கும் எழுந்திருக்க மாட்டார்.

"தேதி தள்ளிப்போட்டாங்கப்பா" என்றாள். "நல்ல வேல செஞ்ச."

பெட்டியைப் பிரித்து முதல் துண்டை அவர் வாயில் ஊட்டினாள்.